மொச்சையின் காது

மூன்றாவதாக வந்த பையன் மொச்சையின் காதில் ரகசியம் சொல்லவில்லை; மொச்சையின் வாயருகே தன் காதைக் கொண்டுபோய் வைத்தான்.

மேசைக்கு அடியில், தலையைக் குனிந்து, மொச்சைப் பொம்மையை மாட்டிய வலது கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்த வினோலியா அதைத் தன் முன்னால் இருந்த சின்னத் திரையில் பார்த்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆறு வருடமாகப் பிள்ளைகளோடு மாரடிக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? மொச்சையின் மூக்கைக் கடித்த பிள்ளை உண்டு. கொம்பு எங்கே என்று நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு அழுத பிள்ளை உண்டு. மொச்சை ஒன்றுக்குப் போக எங்கே போகும் என்று விடாமல் கேட்ட பிள்ளையும் உண்டு. யாரும் எழுதிக் கொடுக்காத இந்த மாதிரி இடங்களுக்காகத்தான் ஜனங்கள் நிகழ்ச்சியையே பார்க்கிறார்கள். அதனால் அவள் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். பையன் செய்கிறதைச் செய்யட்டும்.

ஜெனிஷ் என்று பெயர், ஒன்றாம் வகுப்பு. வைத்த காதை அவன் எடுக்கவில்லை. "ம்" என்றான். சற்றுப் பொறுத்து இன்னொரு "ம்". யாரோ நீளமாக ஒன்றைச் சொல்ல, கேட்டுக்கொண்டிருக்கிறவன் நடுநடுவே போடுகிற "ம்" அது. வினோலியா ஒரு வார்த்தை பேசவில்லை. பொம்மையின் வாய் இரண்டு விரற்கடை திறந்தபடி அப்படியே நின்றது. கடைசியில் பையன் "சரி" என்று தலையை ஆட்டிவிட்டு நாற்காலியைவிட்டு இறங்கிப் போனான். எல்லோருக்கும் கொடுக்கிற கமர்கட்டைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

"அருமைங்க டீச்சர்! பையன் பின்னீட்டான் போங்க!" என்றது மருதாசலத்தின் குரல்.

மருதாசலம்தான் அந்த உள்ளூர்ச் சேனலுக்கு முதலாளி, கேமராமேன், டைரக்டர், காலையில் வந்து ஸ்டுடியோவைப் பெருக்குகிற ஆள், எல்லாம். ஸ்டுடியோ என்று பெயர்தான் பெரிது. அயோத்தியாப்பட்டணத்தில், ஆத்தூர் ரோட்டின்மேல் ஒரு பிளைவுட் கடை. அதன் மாடியில் ஒரு நீளமான அறை. ரோட்டுச் சத்தம் வரக்கூடாது என்று ஜன்னல்களை எல்லாம் ஸ்பாஞ்சாலும் கம்பளியாலும் அடைத்திருந்தார். வெளியே பத்து மணி வெயில் கொளுத்தும்போதும் உள்ளே விளக்கைப் போட்டால்தான் கை தெரியும். படம் பிடிக்கும்போது ஏசி இரைகிறது என்று அதையும் நிறுத்திவிடுவார். மேசையின் முன்பக்கமும் பக்கவாட்டுகளும் தரைவரை கறுப்புத் துணியால் மூடியிருக்கும். பின்பக்கம் மட்டும் திறப்பு; மேற்பலகையில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த இடுக்கில் புழுங்கிச் சாவதுதான் வினோலியாவின் உத்தியோகம்.

மொச்சை இந்தப் பக்கத்துக் கருப்பாட்டுக் குட்டி. கறுப்புக் கம்பளித் துணி, பொத்தான் கண், தோள்வரை தொங்குகிற இரண்டு காது. வலது காதுக்குள் ஒரு சின்ன மைக்கைத் தைத்திருந்தாள். பிள்ளைகள் அந்தக் காதில் சொல்கிற ரகசியம் வயர் வழியாக இறங்கி அவள் ஹெட்போனுக்கு மட்டும் வரும். மருதாசலத்துக்குக் கேட்காது, பதிவாகாது, டிவியில் அந்த நேரத்தில் மணிச் சத்தம்தான் போகும். பிள்ளை சொல்லி முடித்ததும் மொச்சை வாயை மூடி "மே" என்று ஒருதரம் கத்தும். கத்திவிட்டால் பூட்டிவிட்டது என்று அர்த்தம். பிறகு தலைகீழாக நின்றாலும் மொச்சை வெளியே சொல்லாது. இது சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் அத்தனைக்கும் தெரியும்.

இந்த யோசனை முழுக்க வினோலியாவுடையது. முன்பு சர்ச்சை ஒட்டிய பங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாவசங்கீர்த்தனத்துக்கு அழைத்துப் போவாள். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாமியார் காதில் செய்த தப்பை முணுமுணுத்துவிட்டு வெளியே வரும்போது அந்தப் பிள்ளைகள் முகம் தெளிந்திருக்கும். அதைத்தான் பொம்மைக்குக் கொண்டுவந்தாள். ஒருமுறை ஒரு பிள்ளை அப்பாவைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொன்னது போலத் தெரிய, "அதை மட்டும் கொஞ்சம் சொல்லுங்க டீச்சர், நல்லாருக்கும்" என்று மருதாசலம் கெஞ்சினார். "பாவசங்கீர்த்தனத்துல கேட்டதைச் சாமியார் வெளிய சொல்லுவாரா சார்?" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள். அதில் அவளுக்குப் பெருமை. தாங்க முடியாத பெருமை.

ஐந்து மாதமாக அவளே பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பாவத்தைச் சொல்லாதவர்கள் வாங்கக் கூடாத நற்கருணை அப்பத்தை வாங்க எல்லோரும் எழும்போது செருப்பைத் தேடுகிறவள் போலக் குனிந்துகொள்கிறாள்.

ஜெனிஷ் காதை வைத்திருந்த அந்த ஒரு நிமிடத்தில் ஹெட்போனில் ஒரு சத்தம் வந்தது. பேச்சு இல்லை. தகரத்தில் நகத்தால் பிறாண்டுகிற சத்தம், நிறுத்தி, மறுபடி பிறாண்டுகிற சத்தம். வயர் எங்கேயாவது உரசும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அவள் கை அசையவே இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அடுத்து வந்தது பரமத்தி வேலூரிலிருந்து வந்த மோனிஷா. நான்கு வயது, இரட்டைச் சடை, வாய் ஓயாத பிள்ளை. வீட்டில் என்ன குழம்பு, அப்பா வண்டி என்ன கலர், யாரை யார் கடித்தார்கள் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். வினோலியாவும் மொச்சையின் கீச்சுக் குரலில் ஈடு கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பழைய வேகம் வந்துவிட்டது. இதுதான் அவளுக்குத் தெரிந்த தொழில், இதில் அவள் கெட்டிக்காரி. "இப்ப காதோடு காதா ஒரு சங்கதி சொல்லு பாக்கலாம்" என்று மொச்சை தலையைச் சாய்த்து வலது காதைக் காட்டியது.

மோனிஷா காதைப் பார்த்தாள். வாயைப் பார்த்தாள். எழுந்து நின்று, இரண்டு கையாலும் மொச்சையின் தலையைப் பிடித்து, வாயருகே காதை வைத்தாள்.

மேசைக்கு அடியில் குளிர்ந்தது. ஏசி நின்று அரை மணி ஆகியிருந்தது, அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது, இருந்தும் முழங்கையிலிருந்து கீழே குளிர் இறங்கியது. கூடவே ஒரு வாசனை. கஞ்சி போட்ட நூலின் வாசனை, துருவின் வாசனை, ரொம்ப நாள் மூடி வைத்த டிபன் டப்பாவைத் திறந்தால் வருகிற வாசனை. பிளைவுட் கடை மாடியில் நூலுக்கு ஏது இடம்?

"இருட்டா இருக்குதா?" என்றாள் மோனிஷா, சத்தமாக.

வினோலியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கை வலிக்குதா சாமி?" என்றாள் மோனிஷா. கேட்டுவிட்டு மறுபடி காதை வைத்தாள். பிறகு கேமராவைப் பார்த்துத் திரும்பி, பெரிய மனுஷி போல உதட்டைப் பிதுக்கினாள். "பாவம், அவங்க அக்கா இன்னும் வல்லியாமா."

மருதாசலம் பூரித்துப் போனார். "எந்த டைரக்டர் எழுதித் தருவானுங்க இதை!" என்று தொடையைத் தட்டினார்.

டீ நேரத்தில் வினோலியா மொச்சையை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டாள். அந்தத் தை மாதச் சனிக்கிழமையைப் பற்றி நினைக்கக் கூடாது என்று அவள் வைத்திருந்த கட்டெல்லாம் அவிழ்ந்துபோயிற்று.

அன்றைக்கும் இதே மேசை. வெண்ணந்தூரிலிருந்து நித்யஸ்ரீ என்று ஒரு பிள்ளை, ஐந்து வயது, தறிக்காரர் வீட்டுப் பெண். காதில் வாயை வைத்து, எச்சில் தெறிக்க, மூச்சு முட்டச் சொன்னாள்: "எந்தம்பி ஒளிஞ்சுட்டு இருக்கான். ஐஸ் பொட்டிக்குள்ள. நாந்தான் மூடியச் சாத்துனேன். கண்டுபுடிக்கறதுக்குள்ள அம்மா டிவிக்கு நேரமாச்சுன்னு கூட்டியாந்துட்டாங்க. நீ யாருகிட்டயும் சொல்லீராத, என்ன?"

ஒரு கணம் சுருக்கென்றது. அதை அவள் மறுக்க முடியாது. ஐஸ் பெட்டியா என்று ஒரு கணம் அவள் மனசு நின்றது. ஆனால் முந்தின பிள்ளை தன் வீட்டுக் கிணற்றில் முதலை இருக்கிறது என்று சொல்லியிருந்தது. அதற்கு முந்தினது நிலாவை ஒருதரம் கடித்துப் பார்த்ததாகச் சொல்லியிருந்தது. அடுத்த பிள்ளை நாற்காலிக்குக் காத்திருந்தது. மொச்சை வாயை மூடி, "மே" என்று கத்தியது. மணி பதினொன்று இருபது. சின்னத் திரையின் மூலையில் ஓடுகிற எண்கள் இன்னும் அவள் கண்ணில் நிற்கின்றன.

அது மட்டும் என்றால்கூடப் போகட்டும். படப்பிடிப்பு முடிந்து தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது பிள்ளையின் அம்மா படிக்கட்டில் நின்றிருந்தாள். வினோலியா வாயைத் திறந்தாள். 'உங்க பையன் எங்கங்க இருக்கான்?' என்று ஒரே ஒரு கேள்வி. மூன்று நான்கு வார்த்தை. கேட்டால் ரகசியத்தைச் சொன்ன மாதிரி ஆகிவிடுமே, பிள்ளைக்குத் தெரிந்தால் மொச்சையை நம்புமா என்று அந்தப் பாழாய்ப்போன பெருமை வந்து குறுக்கே நின்றது. "நல்ல பாப்பாங்க உங்க பாப்பா" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பேப்பரில் நான்கு வரி. பெட்டிக்கடையில் பழசாகிக் கழித்த ஐஸ்கிரீம் பெட்டி. எலி கடிக்காமல் இருக்க நூல் கோன்களைப் போட்டு வைக்க வீட்டில் வாங்கிப் போட்டிருந்தார்கள். மூன்று வயதுப் பையன். சென்றாயன் என்று குலசாமி பெயர். மூடியைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டான் என்று எழுதியிருந்தது. தேட ஆரம்பித்ததே மூன்று மணிக்குமேல்தானாம். உள்பக்கம் மூடியில் கீறல்கள் இருந்தனவாம். அந்தக் கடைசி வரியை அந்த நிருபர் எழுதாமல் இருந்திருக்கலாம்.

வாய் திறந்தால் அந்தப் பெண் குழந்தைதான் மூடியைச் சாத்தியது என்றும் சொல்லவேண்டி வரும். அதற்காகத்தான் சும்மா இருக்கிறேன், குழந்தையைக் காப்பாற்றத்தான் இருக்கிறேன் என்று ஐந்து மாதமாக வினோலியா தன்னை நம்பவைக்கப் பார்த்தாள். பகலில் நம்பினாள். படுத்தால் நம்ப முடியவில்லை.

கழிவறை விளக்கடியில் அவள் மொச்சையின் வாயைப் பிளந்து பார்த்தாள். அட்டையின்மேல் சுற்றியிருந்த சிவப்புத் துணி ஈரமாக இருந்தது. கையை உள்ளே விட்டு, ஒரு காலுறையைப் போலப் பொம்மையை உள்வெளியாகத் திருப்பினாள். அவள் கை போகிற வழி முழுக்க, உள்துணியில், நூல் பிரிந்து கோடு கோடாக இருந்தது. நான்கு நான்காக. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் அரை விரல் இடைவெளிகூட இல்லை. அவள் விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அவை ரொம்பச் சின்ன விரல்கள்.

வெளியே வந்து, "சார், எனக்கு உடம்பு சரியில்ல. இன்னிக்கு முடிச்சுக்கலாம்" என்றாள்.

மருதாசலம் டம்ளரை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். கெட்டவர் இல்லை அவர். பிள்ளைகள் விஷயம் என்றால் கண்ணில் தண்ணீர் வைத்துவிடுகிற மனுஷன். "இன்னும் ஒரே ஒரு பாப்பாதானுங்க. உங்ககிட்டச் சொல்லாமயே வெச்சிருந்தேன். வெண்ணந்தூர்ல தம்பி ஒருத்தன் எறந்து போனானே, அந்தப் பாப்பா. அன்னைலேர்ந்து ஒரு வார்த்தை பேசறதில்லைங்களாமா. டாக்டருக எல்லாம் பாத்தாச்சு. டிவில மொச்சையப் பாத்தா மட்டும் எந்திரிச்சு வந்து கிட்ட நிக்குதாமா. அவங்கம்மாதான் போன்ல அழுதாங்க. நம்ம மொச்சகிட்டப் பேசுனாலும் பேசும்னு வரச்சொல்லீட்டேனுங்க. கீழ வந்துட்டாங்க."

அவளால் மறுக்க முடிந்திருக்கும். ஓடிப்போயிருக்கவும் முடியும். ஆனால் படியேறி வருகிற செருப்புச் சத்தம் அதற்குள் கேட்டுவிட்டது. அத்தோடு, கேவலமான ஒரு ஆசையும் அவளுக்குள் எட்டிப் பார்த்தது. தான் சொல்ல முடியாததை மொச்சை சொல்லிவிட்டால்? 'உன்மேல தப்பு இல்ல கண்ணு' என்று மொச்சையின் வாயால் ஒருதரம் சொல்லிவிட்டால் பிள்ளைக்கும் நிம்மதி, தனக்கும் நிம்மதி. யாரும் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இத்தனைக்குப் பிறகும் பொம்மைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் அவளுக்குத் தோன்றியது.

அம்மாவின் பெயர் பிரபா. இளைத்துப் போயிருந்தாள். "அவங்கப்பா கீழயே நின்னுட்டாருங்க. இதப் பாக்க அவருக்குத் தைரியம் பத்தல" என்றாள். நித்யஸ்ரீ யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வினோலியா மேசைக்கு அடியில் நுழைந்தாள். மொச்சையைக் கையில் மாட்டினாள். மேலே உயர்த்தினாள்.

விளக்குகள் மேலே சூடாக எரிந்தன. கீழே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது, தண்ணீருக்குள் கேட்பது போலக் கேட்டது. ஹெட்போனில் பிள்ளையின் மூச்சு. சின்னத் திரையில் நித்யஸ்ரீயின் முகம், கண்ணிமைக்காமல், மொச்சையைப் பார்த்தபடி. மூக்கின் கீழே லேசாகக் காய்ந்த பால். ஐந்து மாதத்தில் ஒரு பல் விழுந்திருந்தது.

"வந்துட்டியா சாமி?" என்றது மொச்சை.

பிள்ளை எழுந்தாள். வாயருகே காதை வைத்தாள்.

இப்போது. இப்போது சொல்லிவிட வேண்டும். வினோலியா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். 'உன்மேல' என்று சொல்ல நாக்கை எடுத்தாள்.

ஹெட்போனில் இரண்டு மூச்சுக் கேட்டது.

ஒன்று பிள்ளையினுடையது. சீராக. இன்னொன்று சின்னதாக, வேகமாக, வாயால் இழுக்கிற மூச்சு. இழுத்து இழுத்து, போதாமல் இழுக்கிற மூச்சு. அது மைக்குக்கு வெளியிலிருந்து வரவில்லை. உள்ளேயிருந்து வந்தது.

நூல் வாசனை. துரு. குளிர்.

பொம்மைக்குள், அவள் விரல் நுனியில், ஏதோ பட்டது.

ஒரு விரல். இன்னொன்று. ஐந்தும். மெத்தென்று, சில்லென்று. அவள் உள்ளங்கைக்குள் வந்து புகுந்தன. தெருவைக் கடக்கும்போது பிள்ளைகள் பெரியவர்கள் கையைத் தேடிப் பிடிக்குமே, அப்படிப் பிடித்தன.

அவள் இழுத்தாள். வரவில்லை. பிடி இறுகியது. மறுபடி இழுத்தாள். தோள் மூட்டில் வலி. மூன்றாம் தரம் இழுத்ததில் கை விடுபட்டு, முழங்கை மேசையின் காலில் இடித்தது. இரண்டு கையும் அவள் மடியில் இருந்தன. அவள் இரண்டையும் பார்த்தாள்.

பிறகு திரையைப் பார்த்தாள்.

மொச்சை விழவில்லை. மேசைமேல் நிமிர்ந்து நின்றது. அதன் வாய் திறந்தது. மூடியது. திறந்தது. நித்யஸ்ரீ கேட்டுக்கொண்டிருந்தாள்.

வினோலியா பின்பக்கத் திறப்பு வழியாக ஊர்ந்து வெளியே வந்தாள். ஹெட்போன் வயர் கழுத்தில் சுற்றி, அறுந்து விழுந்தது. மேசையைச் சுற்றிக் கதவுக்கு ஓடினாள். கதவுக்குக் குறுக்கே தாழ். அதைத் தொடுவதற்குள் பிரபா பின்னாலேயே ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னாச்சுங்க டீச்சர்? பாப்பா ஏதாச்சும் பேசினாளா?"

அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும் வினோலியாவுக்குள் ஏதோ உடைந்தது. ஐந்து மாதம் பூட்டி வைத்தது தானாக வாயில் வந்து விழுந்தது.

"அன்னிக்கே பேசினா. என்கிட்டச் சொன்னா. தம்பி ஐஸ் பெட்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கான்னு என் காதுல சொன்னாளுங்க. எனக்குக் கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. நான் சொல்லல. உங்களைப் படியில பார்த்தேன், அப்பவும் சொல்லல. நான்தாங்க சொல்லல."

கேமராவுக்குப் பின்னால் மருதாசலம் "ஐயோ" என்றார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பிரபா கத்தவில்லை. அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் வினோலியா தாங்கியிருப்பாள்.

"மூடியச் சாத்துனது பாப்பாதான்னு எங்களுக்குத் தெரியுமுங்க" என்றாள் பிரபா மெதுவாக. "அன்னைக்குச் சாயந்தரமே சொல்லீட்டா. மொச்சகிட்டச் சொல்லீட்டேன், அது போயித் தொறந்து உட்டிருக்கும்னு நெனச்சேன்னு சொன்னா. அதுதானுங்க அவ கடைசியாப் பேசுனது. நாங்க அவகிட்ட, அது துணிப்பொம்ம கண்ணு, பொம்மைக்கு ஏது காதுன்னு சொன்னமுங்க."

வினோலியாவைப் பிடித்த பிடியைப் பிரபா விடவில்லை. அவள் முதுகு மேசைப் பக்கம் இருந்தது.

"எத்தன மணிக்குங்க டீச்சர்?"

"பதினொன்னு இருபது."

"பதினொன்னரைக்கு நான் ஊட்டுக்குப் போன் பண்ணினனுங்க. பாப்பா நல்லாப் பேசீட்டான்னு சொல்றதுக்கு. எங்க நாத்துனா அந்தப் பொட்டிமேல உக்காந்துட்டுத்தான் பேசுனாங்க. பையன் எங்கன்னேன். பக்கத்து ஊட்டுல வெளையாடறான்னாங்க."

பிரபாவின் தோளுக்கு மேலே வினோலியாவுக்கு மேசை தெரிந்தது. நித்யஸ்ரீ காதை எடுக்கவில்லை. "ம்" என்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம் அது. பிரபாவுக்குக் கேட்கவில்லை.

மேசையின் முன்னால் தொங்கிய கறுப்புத் துணி அசைந்தது.

உள்ளே யாரும் இல்லை. அங்கே இருக்க வேண்டியவள் இங்கே நிற்கிறாள். ஆனாலும் துணி உள்ளிருந்து வெளியே உப்பியது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில். இரண்டு இடத்தில். சின்ன இரண்டு உள்ளங்கை, விரல் விரிய, துணியில் பதிந்து நின்றன. தள்ளின. துணி விலகவில்லை. எந்தக் கை தொட்டாலும் விலகுகிற வெறும் துணி அது. இப்போது விலகவில்லை.

இரண்டு கைகளுக்கும் நடுவில், கொஞ்சம் மேலே, துணி குழிந்து உள்ளே போனது. வாயளவு குழி. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது.

"அந்நேரம் அவனுக்கு உசுரு இருந்திருக்குமுங்களா?" என்று கேட்டாள் பிரபா. "நீங்க படிச்சவங்க. சொல்லுங்க. பதினொன்னரைக்கு இருந்திருக்குமுங்களா?"

திரும்பிப் பாருங்க என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நான்கு தப்படியில் மேசை. ஒரு கை நீட்டித் துணியைத் தூக்கினால் போதும். வினோலியா வாயைத் திறந்தாள். காற்றுக்கூட வரவில்லை. திரும்பிப் பார்த்தால் இந்தத் தாயின் கண்ணில் என்ன படும் என்று நினைத்தாள். பார்க்காமலே போனால் என்ன ஆகும் என்றும் நினைத்தாள். அங்கே துணியை ஒரு விரல் நகம் மேலிருந்து கீழே கீறிக்கொண்டு போனது.

துணி உள்ளே போனது. வெளியே வந்தது.

உள்ளே போனது. இந்தத் தரம் வெளியே வர நேரமாயிற்று.

"சொல்லுங்க டீச்சர்" என்றாள் பிரபா.

வினோலியா பார்த்துக்கொண்டே நின்றாள். துணி இன்னொரு தரம் உள்ளே போனது.